பாட்டன் பிறந்த வீடு

கொடிவழி சொல்லுவது தமிழிலே மிகப் பழைய வழக்கம். சோழர் செப்பேடுகளை விரித்தால் சூரியனிலே தொடங்கிப் பட்டத்திலிருக்கும் அரசன்வரை வமிசாவளி நீண்டுகொண்டே போகிறது. அந்தச் செப்பேட்டினால் தானமாகின்ற ஊரிலே ஏர் பிடித்தவனுடைய தகப்பன் யார், பாட்டன் யார் என்று அறிய அதில் ஒரு வரியும் இல்லை. நிலத்துக்கு உரிமை கோருபவனுக்கே வமிசாவளி வேண்டியிருந்தது. உழுதவன் உரிமை கோரவில்லை. அவனுடைய பாட்டனைப் பற்றி ஒருவரும் கேட்கவுமில்லை.

1948-ஆம் ஆண்டிலே இலங்கை மலைநாட்டில் இந்த வழக்கம் விசித்திரமான முறையில் தலைகீழாயிற்று. ஒரு சாண் நிலமும் சொந்தமில்லாத தோட்டத் தொழிலாளரைப் பார்த்து, உன் தகப்பன் எங்கே பிறந்தான், பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள், பத்திரம் கொண்டுவா என்று அரசாங்கம் கேட்டது. கேட்டவர்களிலே பலர் தம்முடைய பூட்டனாருக்குப் பத்திரம் காட்ட இயலாதவர்கள் என்பது வேறு விஷயம். அவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு ஊவா மாகாணத்துத் தொழிலாளக் குடும்பங்கள் ஏன் பதில் சொல்ல முடியாமற் போயிற்று என்பதையும், அக்குடும்பங்களின் பிள்ளைகள் இன்று தம் முன்னோரைத் தேடப் புகுந்தால் எங்கே தொடங்கலாம் என்பதையும் இங்கே சிறிது ஆராய விரும்புகிறோம். பதுளையைச் சூழ்ந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரமும் தமிழும் கற்பித்துவரும் நமக்கு இது புத்தகத்தோடு முடிந்துவிடுகின்ற பிரச்சினையன்று.

உலகத்திலே முன்னோரைத் தேடுபவர் பெரும்பாலும் ஒரு வீட்டிலிருந்தே தொடங்குகின்றனர். இதற்கு மிகச் சிறந்த உதாரணம் அயர்லாந்து. 1845-ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் உருளைக்கிழங்குப் பயிர் நோயினால் அழிந்தபோது அங்கே ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அவர்களுடைய பேரரும் கொள்ளுப்பேரரும் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் திரும்பி வந்து, கூரையிழந்து கற்சுவர் மட்டும் நிற்கின்ற ஒரு கிராமத்து வீட்டின் முன்னே நின்று, "இங்கேதான் எங்கள் குடும்பம் இருந்தது" என்று சொல்ல முடிகிறது. எப்படி முடிகிறது? ஆங்கிலேய அரசாங்கம் அவர்கள்மேல் வைத்திருந்த அன்பினாலன்று. ஏழைகள் நிவாரணத்துக்கு வரி விதிக்கும்பொருட்டு, கிரிபித் என்பவருடைய தலைமையில் ஒரு நிலமதிப்பீடு நடைபெற்றது. 1847 முதல் 1864 வரை அது பகுதி பகுதியாக அச்சாயிற்று. ஒவ்வொரு சிற்றூரிலும் இந்த வீட்டில் குடியிருப்பவன் யார், அவன் யாரிடமிருந்து குத்தகை பிடித்தான், வீட்டுக்கும் நிலத்துக்கும் மதிப்பு என்ன என்று அதில் எழுதியிருக்கிறது. 1922-ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரிலே டப்ளின் நகரத்துப் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாகி, அங்கிருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடிமதிப்பேடுகளிற் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. அப்படியிருந்தும் வரிக்காக எழுதிய அந்த மதிப்பேடு மிஞ்சியது. 1901, 1911-ஆம் ஆண்டுகளின் குடிமதிப்பேடுகளும் மிஞ்சின. ஐரிஷ்காரன் தன் பாட்டன் வீட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான். குத்தகைக் குடியானவன் ஆனாலும் அவன் பெயரோடு ஒரு வீடும், வீட்டோடு ஓர் ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

அயர்லாந்துக்கும் ஊவாவுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். ஹப்புத்தளைக்குப் போய்வந்தவர்கள் வினவமாட்டார்கள். 1890-ஆம் ஆண்டு தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனுடைய பெற்றோர் அயர்லாந்தின் பெர்மானா வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். பஞ்சக் காலத்திலே அங்கிருந்து வெளியேறி ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு வந்து, சிறியதொரு மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார்கள். மகன் 1871-ஆம் ஆண்டிலே சொந்தக் கடை திறந்தார், கடைகள் பெருகின, தேயிலையை இடைத்தரகரின்றி விற்கவேண்டுமென்று இலங்கைக்கு வந்தார். 1898-ஆம் ஆண்டு 'சேர்' பட்டம் பெற்றார். அமெரிக்கக் கிண்ணத்துக்கான பாய்க்கப்பற் போட்டியிலே ஐந்து முறை கலந்துகொண்டபோது, தம் கப்பலுக்கு ஐந்து முறையும் அயர்லாந்தின் தேசியச் சின்னமான 'ஷாம்ரொக்' என்ற மூவிலைச் செடியின் பெயரையே சூட்டினார். பாட்டன் பூமியை அவர் மறக்கவில்லை. மறக்கவேண்டிய நிலையும் அவருக்கு ஏற்படவில்லை. பிள்ளையில்லாமல் 1931-ஆம் ஆண்டிலே இறந்த அவருடைய குடும்ப வரலாற்றை இன்று எந்த நூல்நிலையத்திலும் படிக்கலாம்.

இனி அதே தம்பேதன்னை மலையிலே கொழுந்து பறித்தவளுடைய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவளையும் ஒரு பஞ்சமே துரத்திவிட்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்திலே தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்ததாக மதிப்பிடுகிறார்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கடல் கடந்த கூட்டம் அந்தப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் ஓயவில்லை. பஞ்சம் பிழைக்க ஓடிய இரண்டு குடும்பங்கள் ஒரே மலையிலே சந்தித்தன எனலாம். ஒன்று முதலாளியாக வந்தது. மற்றொன்று கூலியாக வந்தது. முந்தையதன் கொடிவழி அச்சிலே இருக்கிறது. பிந்தையதற்கு என்ன எஞ்சியது?

முற்றிலும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. காகிதம் நிறைய இருந்தது. அது என்ன காகிதம் என்பதே கேள்வி.

கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். அதற்கப்பால் கண்டி, அதற்கும் அப்பால் ஊவா. அந்த வழிநடையில் இறந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. 1849-ஆம் ஆண்டிலே கொழும்புப் பத்திரிகையொன்று, அந்தப் பத்தாண்டிலே எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கவேண்டும் என்று மதிப்பிட்டது. அது மிகையென்று வாதிடுபவர்களும் உண்டு. எழுபதினாயிரமா, அதிலே பாதியா என்று நூறாண்டுக்குப் பின்னும் வாதம் நடத்தும்படி இருப்பதே ஒரு செய்தி அன்றோ? கோப்பியின் கணக்கு இறாத்தல் பிசகாமல் இருக்கிறது.

பிறகு கங்காணி முறை வேரூன்றியது. தன் ஊரிலும் அயலூர்களிலும் ஆள் திரட்டி, வழிச்செலவுக்கு முன்பணம் கொடுத்து, அந்தப் பணத்தை அவர்கள் தலையிலேயே கடனாக எழுதி, தோட்டத்திற் கொண்டுவந்து சேர்த்தவன் பெரிய கங்காணி. ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்குத் தொழிலாளி போகவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இன்ன ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. 1921-ஆம் ஆண்டிலே சட்டம் துண்டு முறையை ஒழித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு வந்தது. வட்டமான தகரத் துண்டிலே தோட்டத்துக்கு ஓர் எண்ணும் ஆளுக்கு ஓர் எண்ணும் பொறித்துக் கயிற்றிலே கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். அந்தத் தகரத்தைப் பார்த்து அதிகாரிகள் ஆளை உரிய தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். செலவையும் அந்தத் தோட்டத்தின் கணக்கிலே எழுதினார்கள். அதிலே பெயர் இல்லை. தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபின் செக்ரோலிலே பெயர் ஏறியது. யாருடைய பெயருக்கு எத்தனை நாட் சம்பளம், எவ்வளவு பிடித்தம், எவ்வளவு அரிசி என்று மாதந்தோறும் எழுதப்பட்டது.

ஆக, தொழிலாளி பட்ட கடனைப் பற்றி முதலாளியின் காகிதத்துக்கு எல்லாம் தெரியும். அவன் எந்த வீட்டிலே, யாருக்குப் பிறந்தான் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

பெயரும் துணை செய்யவில்லை. தமிழருக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தே முன்னொட்டு. மகனுக்குத் தகப்பன் பெயர் தெரியும். பேரனுடைய தலையெழுத்திலே பாட்டன் மறைந்துவிடுவான். கிராமத்திலே இருந்தால் இது குறையாகத் தோன்றாது. ஊரும் கோயிலும் பங்காளிகளும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த ஞாபகமும் அறுந்தது. ஆங்கில எழுத்திலே கணக்கப்பிள்ளை எழுதிய ராமசாமி, பிறப்புப் பத்திரத்திலே வேறு எழுத்துக் கூட்டிலும், மகனுடைய கல்யாணப் பதிவிலே மூன்றாவது கூட்டிலும் காட்சியளித்தான். வீட்டிலே முத்தையா, செக்ரோலிலே முத்துசாமி என்பதும் சாதாரணம். இவையெல்லாம் ஒரே ஆள் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று விசாரணை அதிகாரி பின்னாளிலே கேட்டபோது, அந்த ஆள் தன்னையே அத்தாட்சியாகக் காட்டி நின்றான். அது போதவில்லை.

இப்போது வீட்டுக்கு வருவோம்.

குதிரை கட்டுமிடத்துக்கு லாயம் என்பது தமிழிலே பழைய சொல். ஆங்கிலத்திலே 'வரிசை' என்ற பொருளுடைய 'லைன்' என்ற சொல்லிலிருந்துதான் தோட்டத்து லயம் வந்தது என்பார்கள். எப்படி வந்தாலும் சொற்பொருத்தம் துல்லியமாக அமைந்துவிட்டது. ஒரே கூரையின் கீழே பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக. முன்னே குறுகலான இஸ்தோப்பு. சில இடங்களிலே முதுகோடு முதுகு ஒட்டியபடி இரட்டை வரிசை. இதிலே சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். ஒரு காம்பராவிலே மூன்று தலைமுறை பிறந்திருக்கலாம். ஆனால் அந்தச் சுவரிலே ஒரு செங்கல்லும் அவர்களுடையதன்று. அந்தக் குடும்பத்திலிருந்து வேலைக்கு ஆள் இருக்கும்வரை வீடு இருக்கும். கொடிவழி அறாமல் ஓடிற்று என்றால் அது பேர்ப்பதிவின் வழியாகத்தான். தகப்பன் பேர் நீங்கினால் மகன் பேர் பதிந்தாகவேண்டும். காணி உறுதியில்லை, வரி ரசீதில்லை, தனி விலாசமும் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்துதான் லயத்துக்குப் போகும். கிரிபித் போன்ற ஒருவர் ஊவாவுக்கு வந்திருந்தாலும், குடியிருப்பவன் என்ற கட்டத்திலே தோட்டத்தின் பெயரைத்தான் எழுதியிருப்பார்.

பக்கத்துச் சிங்களக் கிராமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் கூர்மை விளங்கும். கண்டி நாட்டுச் சிங்களக் குடியானவனுடைய பெயரின் முன்னே 'கெதர' என்று முடிகின்ற ஒரு நீண்ட தொடர் நிற்பதைக் காணலாம். கெதர என்றால் வீடு. இன்ன வீட்டைச் சேர்ந்த இன்னான் என்பதே அந்தப் பெயரின் பொருள். வீடு இடிந்து மண்ணானாலும் அது பெயரிலே நிலைத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. அந்தக் குடியானவனும் கொள்ளையடிக்கப்பட்டவனே. 1818-ஆம் ஆண்டு ஊவா, வெல்லஸ்ஸைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் நசுக்கியபோது அழிந்தவை அவனுடைய வயலும் குளமும். 1840-ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுடைமை என்று கருத வழிசெய்து, அவற்றைத் தோட்டக்காரருக்கு விற்க உதவியது. பத்திரம் காட்டு என்ற கேள்வியைத் துரைத்தனம் முதன்முதலிலே கேட்டது சிங்களக் குடியானவனிடத்திலேதான். நூறாண்டுக்குப்பின் அதே கேள்வியை அவனுடைய பெயரால் தமிழ்த் தொழிலாளியிடம் கேட்டபோது, அவ்விருவரும் இதை ஒருங்கிருந்து பேசிக்கொள்ள வாய்ப்பில்லாமலே போயிற்று. வாய்ப்பு அறவே இல்லாமலிருந்தது என்றும் சொல்ல முடியாது: 1940-ஆம் ஆண்டிலே பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த சபையொன்றை நிறுவியபோது அவர்களுக்குத் துணைநின்ற சமசமாஜிகளிலே சிங்களவரும் இருந்தனர். அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

துரைமாரின் கதையோ வேறு. பெர்குசன் கம்பனியார் வெளியிட்ட விவரத் திரட்டுகளிலே எந்தத் தோட்டம் யாருக்குச் சொந்தம், எத்தனை ஏக்கர், மனேஜர் யார் என்று காணலாம். பதுளை நகரத்துப் புனித மாற்கு தேவாலயத்துக்குள்ளே மேஜர் றொஜர்ஸ் நினைவாகக் கல் பதித்திருக்கிறார்கள். பதுளையிலே அரசாங்க அதிகாரியாக இருந்த அவர் ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டுக் கொன்றார் என்பது புகழ். 1845-ஆம் ஆண்டிலே ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். யானை எறிந்த வீரனுக்கு நடுகல் நடுவது நமக்கும் பழக்கமானதுதான். காட்டை வெட்டி, வடக்குப் பாதையிலே நடந்து, கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நட்டவர்களுக்கு அந்த நகரத்திலே அப்படியொரு கல்லும் இல்லை.

இந்த நிலையிலேதான் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையிலே பிறந்த ஒருவன் வமிசாவளிப் பிரஜையாகவேண்டுமானால் அவனுடைய தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தருப்பண மந்திரத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று நமக்கு ஓர் ஐயம். அங்கேயும் தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறை. புரோகிதர் பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி சொல்லிக்கொடுப்பார். கச்சேரியிலே அந்தத் தயவு கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1948-ஆம் ஆண்டிலே முப்பது வயதான தொழிலாளி 1918 வாக்கிற் பிறந்தவன். தகப்பன் 1890-களிலும், பாட்டன் 1870 வாக்கிலும், பூட்டன் 1840-களிலும் பிறந்திருக்கலாம். இலங்கையிலே பிறப்பு, இறப்புப் பதிவு 1867-ஆம் ஆண்டிலேதான் ஒழுங்காகத் தொடங்கியது. தோட்டத்துப் பிறப்பை அறிவிக்கும் பொறுப்பு துரையின் கையிலே வைக்கப்பட்டது. தொழிலாளிக்கு எழுத்தறிவில்லை, அறிவித்தார்களா, எழுதினார்களா, எந்தப் பெயரில் எழுதினார்கள் என்று அவன் எப்படி அறிவான்? தாய்வழியோ சட்டத்தின் கண்ணிலே படவேயில்லை. கொழுந்துக் கூடை சுமந்து இந்த நாட்டின் வருமானத்தை ஈட்டியவர்களிலே பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலே ஒருத்தி இங்கே பிறந்தாள், அவள் தாயும் இங்கேதான் பிறந்தாள் என்று நிரூபித்தாலும், முறைப்படி மணந்தவனுக்குப் பிறந்த அவள் பிள்ளைக்கு அதனாற் பயனில்லை. தகப்பன் என்றிருந்த இடத்திலே பெற்றோர் என்று திருத்துவதற்கு 2003-ஆம் ஆண்டுவரை காத்திருக்கவேண்டியதாயிற்று.

1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் இரண்டாவது வாயில். 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கே வசித்ததை நிரூபித்து விண்ணப்பிக்கலாம். இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலிலே இதைப் பகிஷ்கரித்து, தவணை முடியும் தறுவாயிலே விண்ணப்பிக்கச் சொன்னது. 1951 ஆகஸ்டுக்குள் சுமார் 2,37,000 மனுக்கள் குவிந்தன; அவற்றிலே அடங்கியவர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். விசாரணை பத்தாண்டுக்கு மேல் நடந்தது. ஊருக்குத் தாயின் சாவுக்குப் போனது, தம்பிக்குப் பணம் அனுப்பியது, மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றது ஆகியவையெல்லாம் எதிர்ச்சாட்சிகளாயின. உரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர். இதற்கிடையே தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, 1947-ஆம் ஆண்டிலே வாக்களித்தவர்கள் 1952-ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்கற்று நின்றார்கள். கோடகன்பிள்ளை வழக்கு இலண்டன் கோமறை மன்றம்வரை சென்று 1953-ஆம் ஆண்டிலே தோற்றது.

மேற்கொண்டு நடந்தவற்றை வாசகர் அறிவர். 1964 அக்டோபர் 30-ஆந் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்திலே ஒன்பது லட்சத்து எழுபத்தையாயிரம் மனிதரை இரண்டு அரசாங்கங்கள் பங்கிட்டன: ஐந்தே கால் லட்சம் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974-ஆம் ஆண்டிலே பாதிக்குப் பாதி. பதுளையில் ரயிலேறித் தலைமன்னாரிலே கப்பலுக்கு மாறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் வேறு மாவட்டங்களுக்கும் சிதறியவர்களைச் சேர்த்து, நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள். தகப்பன் இந்தியப் பிரஜை, மூத்த மகன் இலங்கைப் பிரஜை, தங்கை விண்ணப்பமே போடாதவள் என்று ஒரே காம்பராவிலே மூன்று தேசங்கள் குடியிருந்தன. கொடிவழி தேடுபவனுக்கு இந்தக் கட்டம் மிகக் கடினமானது. பூட்டனைக் கொண்டுவந்த கடலே பேரனைப் பிரித்துக் கொண்டுபோயிற்று. 1984-ஆம் ஆண்டிலே கப்பலும் நின்றது. 1986, 1988, 2003-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் என்ற பிரிவு படிப்படியாக ஒழிந்தது உண்மை. சட்டம் உரிமையைத் திருப்பித் தந்தது. அதற்குள் காகிதங்கள் பல அழிந்துவிட்டன. 1983 ஜூலையிலே பதுளை நகரத்துத் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, டிரங்குப் பெட்டிக்குள்ளே பத்திரப்படுத்தியிருந்த பிறப்புப் பத்திரங்களும் எரிந்தன.

நம்முடைய மாணவரைக் குடும்பக் கொடிவழி எழுதிவரச் சொல்வது நமது வழக்கம். பதினைந்து வயதுப் பிள்ளைகள். பெரும்பாலான தாள்கள் மூன்றாவது படியிலே நின்றுவிடுகின்றன. கவனித்த ஒன்றைச் சொல்லவேண்டும்: தகப்பனுடைய தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைக்குத் தாயினுடைய தாயின் பெயர் தெரிகிறது. அவள் எந்த மலையிலே கொழுந்தெடுத்தாள், எந்த லயத்திலே முதற்பிள்ளை பிறந்து இறந்தது, பதுளைக்கு ரயில் வந்தபோது அவள் தாய் எத்தனை பெரியவள் என்பதெல்லாம் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறார்கள். பதுளைக்கு முதல் ரயில் வந்தது 1924-ஆம் ஆண்டு பெப்ரவரியில். அப்போது அவள் தாய் இடுப்பிலே இருந்த பிள்ளை என்றால் ஒரு பிறந்த வருடம் கிடைத்துவிட்டது. சட்டம் ஒதுக்கிய தாய்வழிதான் நமக்கு அகப்படுகின்ற முதல் நூலிழை.

இரண்டாவது நூலிழை கங்காணியின் ஊர். ஒரே வட்டாரத்திலிருந்து ஆள் திரட்டப்பட்டதால், கங்காணியின் கிராமம் தெரிந்தால் தொழிலாளியின் கிராமம் அதன் அருகிலேதான் இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். ஊரோடு சாதியும் வந்தது; லயங்களைச் சாதிவாரியாகப் பிரித்த தோட்டங்கள் உண்டு. நம் பூட்டன் கூலியாக வரவில்லை, பெரிய குடியிலே பிறந்தவர், கங்காணிக்கு உறவு என்று நிரூபிப்பதற்காகவே கொடிவழி தேடுகின்ற சிலரையும் பார்க்கிறோம். அந்தத் தேட்டம் சோழர் செப்பேட்டின் தேட்டந்தான். நமக்கு அதிலே அக்கறையில்லை. தகரச் சீட்டைக் கழுத்திலே மாட்டிக்கொண்டு வந்தவள் பெயர் என்ன என்பதே நாம் அறிய விரும்புவது.

காலம் அதிகமில்லை. 2014 அக்டோபர் 29-ஆந் திகதி காலையிலே கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள்ளே புதைந்தன. முதலிலே நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றார்கள். பின்னர் அந்த எண்ணிக்கை நாற்பதுக்கும் கீழே வந்தது. அந்த வீடுகளிலே அன்று காலை யார் யார் இருந்தார்கள் என்பதை உடனே சொல்லக்கூடிய ஓர் ஏடு இந்த இருபத்தோராம் நூற்றாண்டிலும் கைவசம் இல்லாமற்போயிற்று. பழைய லயங்கள் இடிந்தும் இடிக்கப்பட்டும் வருகின்றன. தனி வீடு கிடைப்பதை மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். பத்தடிக் காம்பராவை நினைவுச் சின்னமாகப் போற்றவேண்டுமென்று சொல்பவர்கள் அதிலே ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்க்கட்டும். ஏழு பேர்ச் காணிக்கு உறுதி பெற்ற குடும்பங்களுக்கு முதன்முறையாகப் பெயரோடு ஒட்டிய ஒரு வீடு வாய்த்திருக்கிறது. பெறாதவர்களே அதிகம். ஆனால் லயம் இடியுமுன் அந்தந்தக் காம்பராவிலே யார் யார் குடியிருந்தார்கள் என்று எழுதிவைக்கலாமே. 2023-ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து, இருநூறு ஆண்டு நினைவைக் கொண்டாடியவர்கள் முன்னோர் நடந்த பாதையைத் தேடிக் கண்டார்கள். நடந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அந்தப் பட்டியலை நிரப்பப் பெரிதும் உதவக்கூடியது எது தெரியுமா? உரிமை மறுப்பதற்காகச் சேர்த்த காகிதமே. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மனுக்களிலே எட்டு லட்சம் மனிதரைப் பற்றிய விவரங்கள் இருந்தன: எந்தத் தோட்டம், எத்தனை ஆண்டு வாசம், மனைவி யார், பிள்ளைகள் எத்தனை பேர். மலையகத் தமிழரைப் பற்றி இவ்வளவு விரிவான குடும்ப வரலாறு வேறெங்கும் ஒருசேர எழுதப்பட்டதில்லை. ஐரிஷ்காரனுக்கு வரிப் புத்தகம் உதவியதுபோல இது நமக்கு உதவும். அம்மனுக்களின் கோவைகளில் எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தித் தேசிய சுவடிகள் திணைக்களத்திலே வைத்து, பேரப்பிள்ளைகள் பார்வையிட வழிசெய்யவேண்டுமென்று ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கேட்கவேண்டும். மண்டபம் முகாமிலே கொடுத்த குடும்ப அட்டைகளைக் கோத்தகிரியிலும் கூடலூரிலும் வைத்திருக்கின்ற உறவினரிடமிருந்து படமெடுத்து வரவழைக்கலாம். செக்ரோலின் பழைய பக்கங்களைத் தோட்டக் காரியாலயத்திலே கேட்டுப் பார்க்கலாம்.

ஆசிரியர்களாகிய நம் கைக்கு எட்டியது இன்னொன்றும் உண்டு. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பதற்கு முன்னிருந்த சேர்விடாப்புகள். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், எந்த டிவிஷன், சேர்ந்த நாள், விலகிய நாள் என்று எழுதியிருக்கும். விலகிய காரணம் என்ற கட்டத்திலே 1970-களிலே வரிசையாக 'இந்தியா' என்ற ஒரே சொல்லைக் காணலாம். பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் ஹாலிஎலையிலும் எத்தனையோ பாடசாலைகளிலே இவை அலுமாரியின் அடித்தட்டிலே கிடக்கின்றன. சிலவற்றைக் கறையான் தொட்டுவிட்டது. ஒரு விடுமுறைக்கு இரண்டு ஆசிரியரும் நான்கு மாணவரும் உட்கார்ந்தால் ஒரு பாடசாலையின் இடாப்புகளைப் பார்த்தெழுதிவிடலாம். சென்ற விடுமுறையிலே 1938-ஆம் ஆண்டுவரை ஒரு பாடசாலையின் ஏட்டை எழுதி முடித்திருக்கிறோம். அதிலே நம் மாணவர் பதினொருவருடைய பாட்டன்மார் பெயர்கள் அகப்பட்டன, பாட்டிமார் மூவர்.